செல்வரும் சாட்சியரும்: ‘கிளாசிக்’ என்னும் சொல் பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கியத் திறனாய்விலே அடிக்கடி எடுத்தாளப்படும் சொற்கள் சில, அவற்றின் பொருள் யாவர்க்கும் தெளிவானதே என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிடுகின்றன. அவற்றுக்கு வரைவிலக்கணம் கூற முற்படும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. ‘கிளாசிக்’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. ஒரு நூலைக் கிளாசிக் என்று கூறுபவர், அது பழைமையானது என்று கூறுகின்றாரா, சிறந்தது என்று கூறுகின்றாரா, அடக்கமும் கட்டுக்கோப்பும் உடையது என்று கூறுகின்றாரா, அன்றிப் பாடத்திட்டத்தில் இடம்பெறத் தக்கது என்று கூறுகின்றாரா என்பது பல வேளைகளில் விளங்குவதில்லை. இந்நான்கு பொருளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதனால், ஒரு பொருளுக்குக் காட்டப்படும் ஆதாரம் மற்றொரு பொருளுக்கும் ஆதாரமாகிவிடுகின்றது. பழைமை நிறுவப்பட்டதும் சிறப்பும் நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படுகின்றது.

இச்சொல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ்த் திறனாய்வுக்கு வந்ததெனினும் ஆங்கிலத்துக்கே உரியதன்று. இலத்தீனிலே ‘கிளாசிக்குஸ்’ என்றும் பிரெஞ்சிலே ‘கிளாசிக்’ என்றும் வழங்கிய ஒரு சொல்லின் நீட்சியே அது. அவ்விரு மொழிகளிலும் அது பெற்ற பொருள்களை வரலாற்று முறையில் நோக்குமிடத்து, நூலின் தரத்தைக் குறிப்பதாக இன்று கொள்ளப்படும் சொல், தொடக்கத்திலே மனிதரின் உடைமையையும் அவர்தம் சாட்சியத்தின் ஏற்புடைமையையும் குறித்தது என்பது புலனாகும். அவ்வரலாறு இன்றைய திறனாய்வுக்கு உணர்த்துவது யாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

2

கிளாசிக்குஸ் என்பதன் அடிச்சொல் ‘கிளாசிஸ்’ ஆகும். இச்சொல்லை ‘அழைத்தல்’ எனப் பொருள்படும் வினையடியிலிருந்து வந்ததாகக் கொள்ளும் விளக்கத்தை, கி.பி. முதலாம் நூற்றாண்டினரான குவின்ரிலியன் என்னும் அணியிலக்கண ஆசிரியர் குறிப்பிடுகின்றார். அவ்விளக்கம் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஆயினும், அழைப்புக்கு இணங்கித் திரண்டோர் என்னும் கருத்து அச்சொல்லின் பழைய வழக்குகளோடு பொருந்தி வருகின்றது. படைக்கெனத் திரட்டப்பட்டோரைக் குறித்த கிளாசிஸ் பின்னர்க் கப்பற்படையைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. கிளாசிக்குஸ் என்பது ‘கப்பற்படை சார்ந்தது’ என்றும் பொருள்பட்டது. அதன் இனச்சொல்லான ‘கிளாசிக்கும்’ போர்முனையில் ஊதப்படும் எக்காள ஒலியைக் குறித்தது. எனவே, சாதாரண உரோமன் ஒருவனுக்கு இச்சொல் கவிதையை நினைவூட்டியிருக்கும் என்பதைக் காட்டிலும் கடலையும் போரையுமே நினைவூட்டியிருக்கும் எனல் தகும். மாணவரைத் திறமைக்கேற்பப் பிரித்து அமர்த்தும் வகுப்பினையும் கிளாசிஸ் என்னும் சொல்லாலேயே குவின்ரிலியன் சுட்டினார்.

இலக்கியப் பொருளுக்கு வழிவகுத்தது இச்சொல்லின் பிறிதொரு வழக்காகும். உரோமின் ஆறாவது அரசனாகக் கூறப்படும் செர்வியுஸ் துல்லியுஸ், குடிமக்களை அவர்தம் சொத்து மதிப்புக்கேற்ப ஐந்து வகுப்புகளாகப் பிரித்தான் என்பது உரோமரின் மரபுவழிச் செய்தி. குடிசன மதிப்பு எடுக்கப்பட்டபோது ஒவ்வொருவரும் தமது உடைமையைச் சத்தியம் செய்து அறிவிக்க வேண்டும். அதற்கேற்பவே அவர் தாங்கவேண்டிய ஆயுதமும் செலுத்தவேண்டிய வரியும் வாக்களிக்கும் குழுவும் வரையறுக்கப்பட்டன. வாக்களிக்கும் குழுக்கள் 193 எனப் பொதுவாகக் கூறப்படும். அவற்றுள் முதலாம் வகுப்பினர்க்கு 80, குதிரைப்படையினர்க்கு 18. இவ்விரு பிரிவினரும் ஒத்து வாக்களிப்பின் 98 குழுக்களாகிப் பெரும்பான்மை கிட்டிவிடும். ஏனையோரை அழைக்கவேண்டிய தேவையே எழாது. ஐந்து வகுப்புகளுக்கும் கீழே, உடைமை எதுவுமற்ற பெருந்திரளான மக்கள் அனைவரும் ஒரே குழுவில் அடக்கப்பட்டனர். அவர்கள் ‘புரோலேத்தாரி’ எனப்பட்டனர். ‘புரோலேஸ்’ என்றால் பிள்ளைகள். அரசுக்குப் பிள்ளைகளையன்றி வேறெதனையும் அளிக்க இயலாதோர் என்பது அப்பெயரின் பொருளாகும்.

இவ்வமைப்பிலே ‘கிளாசிக்கி’ எனப்பட்டோர் ஐந்து வகுப்பினரும் அல்லர். முதலாம் வகுப்பினர் மட்டுமே, அதாவது 125,000 செப்புக்காசும் அதற்கு மேலும் சொத்துடையோர் மட்டுமே, அப்பெயருக்கு உரியோர் என்றும், ஏனைய வகுப்பினர் யாவரும் ‘வகுப்புக்குக் கீழ்ப்பட்டோர்’ எனப்பட்டனர் என்றும் ஓலுஸ் கெல்லியுஸ் கூறுகின்றார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கெல்லியுஸ், தாம் கற்றவற்றையும் கேட்டவற்றையும் ‘அத்திக் இரவுகள்’ என்னும் பெயரில் இருபது பாகங்களாகத் தொகுத்தவர். கிளாசிக்குஸ் என்னும் சொல் எழுத்தாளன் ஒருவனுக்கு அடைமொழியாக வந்து இன்று எமக்குக் கிடைக்கும் பழைய இடமும் அவருடைய நூலின் பத்தொன்பதாம் பாகத்திலேயே உள்ளது.

அச்சொல் எழுந்த சூழல் கவனத்துக்குரியது. வட ஆபிரிக்காவின் சீர்த்தா நகரிலே பிறந்து, மார்க்குஸ் ஒளரேலியுஸ் பேரரசருக்கு ஆசிரியராக விளங்கிய புரொந்தோவைக் காண அறிஞர் சிலர் வந்திருக்கின்றனர். அவர்களுள் ஒரு கவிஞர், சுடுமணற் சிகிச்சையினால் தமது நீர்க்கோவை நோய் நீங்கியதாகக் கூறுகின்றார். மணலைக் குறிக்கும் சொல்லை அவர் பன்மையில் வழங்கிவிடுகின்றார். நோய் நீங்கிற்று, சொற்குற்றம் நீங்கவில்லை என்று புரொந்தோ அவரைக் கேலி செய்கின்றார். அச்சொல் ஒருமையிலேயே வரவேண்டும் என்பது யூலியஸ் சீசர் தமது மொழியியல் நூலில் வகுத்த விதி. உரையாடல் நீள்கின்றது. முடிவில், பழைய புலவர் குழாத்தைச் சேர்ந்த எவரேனும் அச்சொல்லைப் பன்மையில் வழங்கியுள்ளனரா என்று தேடிப்பார்க்குமாறு புரொந்தோ கூறுகின்றார். அவ்வாறு தேடப்பட வேண்டியவர் முதல் வகுப்பினராகவும் நிலைபெற்ற உடைமையாளராகவும் இருக்கும் எழுத்தாளரேயன்றிப் புரோலேத்தாரி எழுத்தாளர் அல்லர் என்பது அவர் விதித்த நிபந்தனை.

இங்கு நூலின் அழகோ, உணர்ச்சியின் ஆழமோ பேசப்படவில்லை. பேசப்படுவது ஒரு சொல்லின் பன்மை வடிவம். அவ்வடிவம் சரியானதென்று நிறுவ யாருடைய வழக்கினை மேற்கோளாகக் கொள்ளலாம் என்பதே வினா. கிளாசிக்குஸ் என்ற அடைமொழி, மேற்கோள் காட்டத்தக்கவர் யார் என்பதை வரையறுக்கின்றது. அச்சொல்லின் சட்டப் பின்னணியும் இதனையே வலியுறுத்துகின்றது. மரணசாசனத்திலே ஒப்பமிட அழைக்கப்படும் சாட்சிகள் ‘முதல் வகுப்புச் சாட்சிகள்’ எனப்பட்டனர் என்று பெஸ்துஸ் என்பாரின் சொற்பொருள் நூலின் சுருக்கம் தெரிவிக்கின்றது. கிளாசிக்குஸ் என்பதனோடு புரொந்தோ சேர்த்துரைத்த ‘அட்சிதுவுஸ்’ என்னும் சொல்லும் அத்தகையதே. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பன்னிரு பலகைச் சட்டத்திலே, உடைமையாளனுக்குப் பிணை நிற்பவன் உடைமையாளனாகவே இருத்தல் வேண்டும் என்றும், புரோலேத்தாரிக்கு விரும்பிய எவனும் பிணை நிற்கலாம் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே, புரொந்தோவின் கூற்றிலே எழுத்தாளன் சாட்சியாகவும் பிணையாளனாகவும் தோன்றுகின்றான். அவனுடைய சொல் செல்லுபடியாவதற்கு அவனிடம் ‘சொத்து’ இருத்தல் வேண்டும்.

ஈண்டு ஒன்றனை மறந்துவிடலாகாது. புரொந்தோ வாழ்ந்த காலத்திலே ஐவகுப்பு முறை நடைமுறையில் உயிரற்றுப் போய்விட்டது. புரோலேத்தாரி என்ற சொல்லின் பொருளை வினவியபோது, வழக்கொழிந்த பழஞ்சட்டத்தைத் தான் அறியவேண்டியதில்லை என்று சட்ட அறிஞர் ஒருவர் கூறியதாகக் கெல்லியுஸே பிறிதோரிடத்தில் எழுதுகின்றார். எனவே, அக்கூற்று உயிருள்ள சமூக அமைப்பின் நேரடி வெளிப்பாடு அன்று. பழஞ்சொற்களில் திளைத்த புலவர் ஒருவரின் உருவகம். அதற்கு முன்னோடியும் உண்டு. தத்துவஞானியரைத் தெமோக்கிரித்துஸோடு ஒப்பிட்ட சிசரோ, சிலரை ஐந்தாம் வகுப்பினர் எனக் கூறியிருந்தார். ஆயினும், ஓர் அமைப்பு அழிந்த பின்னரும் அதன் உருவகம் எஞ்சியிருப்பது பொருளற்றதன்று. உடைமையும் நம்பகமும் ஒன்றெனக் கருதும் மனப்பாங்கு சட்டத்தைக் கடந்தும் நிலைத்தது என்பதையே அது காட்டுகின்றது.

3

இச்சொல்லின் இரண்டாவது வாழ்வு மறுமலர்ச்சிக் காலத்திலே தொடங்குகின்றது. கெல்லியுஸின் நூலை விரும்பிக் கற்ற மனிதநேயப் புலமையாளர் இவ்வடைமொழியை மீட்டெடுத்தனர். பிரெஞ்சு மொழியிலே இதனை முதலில் வழங்கியவர்களுள் ஒருவர் தோமா செபியே. 1548இல் வெளிவந்த தமது கவிதைக்கலை நூலில் அவர் கிளாசிக் என்று குறிப்பிட்டது கிரேக்கரையோ உரோமரையோ அன்று. ஜான் த மேங், அலேன் ஷார்த்தியே போன்ற இடைக்காலப் பிரெஞ்சுக் கவிஞரையே அவர் அவ்வாறு சுட்டினார். தாய்மொழிக் கவிஞரும் இளங்கவிஞர்க்கு மேற்கோளாகலாம் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டிலேயே து பெல்லே, பழைய பிரெஞ்சுக் கவிதை வடிவங்களைப் புறக்கணித்து, கிரேக்க இலத்தீன் ஆசிரியரைப் பின்பற்றுமாறு அறைகூவினார். வென்றது பின்னவரின் கட்சியே.

அவ்வெற்றியின் விளைவை அகராதிகளில் காணலாம். 1690இல் வெளிவந்த பியுரெத்தியேரின் அகராதி, வகுப்புகளிலும் பள்ளிகளிலும் படிக்கப்படும் ஆசிரியரையே கிளாசிக் என்னும் சொல் குறிக்கும் என்றது. 1694இல் பிரெஞ்சுக் கழகத்தின் அகராதி, பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் தமது துறையில் அதிகாரம் உடையதுமான பண்டை ஆசிரியர் என்று பொருள் கூறிற்று. தித்ரோவின் கலைக்களஞ்சியம் 1753இல் இச்சொல்லை மீண்டும் கல்லூரியோடு பிணைத்தது. இக்காலப்பகுதியிலே உரோமரின் சொத்து வகுப்பு மறைந்து பள்ளியின் வகுப்பறை அவ்விடத்தைப் பெற்றது. இரண்டும் கிளாசிஸ் என்னும் ஒரே அடியின் கிளைகளாதலின் இம்மாற்றம் இயல்பாக நிகழ்ந்தது. ஆயினும் கல்லூரியின் கதவு அக்காலத்தில் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. இலத்தீன் கற்கும் வசதி எவர்க்கு வாய்த்ததோ அவரே கிளாசிக் நூல்களுக்கும் உரியவராயினர். முன்னர் எழுத்தாளனிடம் கேட்கப்பட்ட சொத்து இப்பொழுது வாசகனிடம் கேட்கப்பட்டது.

ரசீன், மொலியேர் முதலியோர் இன்று பிரெஞ்சுக் கிளாசிக்குகள் எனப்படுகின்றனர். அவர்கள் வாழ்ந்த காலத்தின் அகராதிப்படி அப்பெயர் பண்டையோர்க்கே உரியது. பதினேழாம் நூற்றாண்டினர்க்கு அப்பட்டம் உறுதிப்பட்டதும், ஓர் இலக்கியக் கட்சியின் பெயராக அது மாறியதும் பின்னர் நிகழ்ந்தவை. மடம் த ஸ்தால் எழுதிய ‘ஜேர்மனி பற்றி’ என்னும் நூலின் முதற்பதிப்பு 1810இல் நெப்போலியனின் அரசினால் அழிக்கப்பட்டு, 1813இல் லண்டனில் வெளிவந்தது. அந்நூல் ‘கிளாசிக்’, ‘ரொமான்ரிக்’ என்னும் எதிர்நிலையைப் பிரெஞ்சு வாசகரிடையே பரப்பியது. 1823இல் ஸ்தாந்தால், தற்கால மக்களுக்கு இன்பம் பயப்பதே ரொமான்ரிக் என்றும், அவர்களுடைய பாட்டன்மாரின் முன்னோர்க்கு இன்பம் பயந்ததே கிளாசிக் என்றும் எள்ளலுடன் எழுதினார். 1830 பெப்ரவரி 25ஆம் நாள் விக்ரர் ஹியூகோவின் ‘ஏர்னானி’ மேடையேறியபோது இவ்விரு சாராரும் அரங்கினுள்ளேயே பூசலிட்டனர். முற்காலத்திலே புகழ்மொழியாக இருந்த சொல் இப்பொழுது வசைமொழியாகவும் வழங்கலாயிற்று.

இப்பின்னணியிலேயே சென்ற் பேவ் எழுதிய ‘கிளாசிக் என்பது யாது?’ என்னும் கட்டுரை நோக்கப்பட வேண்டும். அது 1850 ஒக்ரோபர் 21ஆம் நாள் பாரிஸ் நாளிதழ் ஒன்றிலே வெளிவந்தது. கெல்லியுஸின் கூற்றை அவர் எடுத்துக்காட்டி, கிளாசிக் எழுத்தாளன் நிலபுலன் உடையவன், புரோலேத்தாரித் திரளோடு ஒருவனாகக் கலந்துபோகாதவன் என்ற கருத்துப்பட விளக்குகின்றார். இவ்விளக்கம் எழுதப்பட்ட காலத்தை மனங்கொள்ளுதல் வேண்டும். 1832இல் பிளாங்கி என்னும் புரட்சியாளர், தொழில் யாது என நீதிமன்றம் வினவியபோது ‘புரோலேத்தாரி’ என விடையளித்திருந்தார். 1848 யூனில் பாரிஸ் தொழிலாளரின் கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே மார்க்சும் எங்கெல்சும் எழுதிய அறிக்கையும் வெளிவந்தது. கெல்லியுஸின் காலத்தில் தூசு படிந்த பழஞ்சொல்லாக இருந்த புரோலேத்தாரி, சென்ற் பேவின் வாசகர்க்குத் தெருவிலே ஆயுதமேந்தி நின்ற மனிதனின் பெயராகும். இறந்த உருவகம் மீண்டும் உயிர்பெற்றது.

எனினும், சென்ற் பேவ் அவ்வெல்லைக்குள் நின்றுவிடவில்லை. 1694ஆம் ஆண்டின் வரைவிலக்கணம் பண்டையோரை மாத்திரம் கருதியது என்று குறைகூறி, எந்த மொழியிலும் முன்மாதிரியாக விளங்குவோர் என்ற 1835ஆம் ஆண்டின் விளக்கத்தையும் போதாதென ஒதுக்கினார். மனித உள்ளத்தின் கருவூலத்தை வளப்படுத்தியவனும் அதனை ஓரடி முன்னே செல்லவைத்தவனுமே உண்மைக் கிளாசிக் என்பது அவர் முடிபு. சுவையின் கோவிலை விரிவுபடுத்த வேண்டும் என்றும், ஹோமரோடு இந்தியாவின் வான்மீகியும் வியாசரும் பாரசீகத்தின் பிர்தௌசியும் அங்கு இடம்பெற வேண்டும் என்றும் எழுதினார். ஒரே கட்டுரையிலே வகுப்பு வேலியும் அவ்வேலியைத் தாண்டும் முயற்சியும் காணப்படுதல் அக்கட்டுரையின் முரண்பாடு மட்டுமன்று. கிளாசிக் என்னும் சொல்லின் முரண்பாடும் அதுவே.

4

இவ்வரலாற்றை நோக்கியோர் இருவகைத் தவறுகளுக்கு இடமளிக்கலாம். முதலாவது, பிறப்பை மறத்தல். ரி. எஸ். எலியட் 1944இல் லண்டன் வேர்ஜில் கழகத்தில் ஆற்றிய உரையிலே, கிளாசிக்கின் அடையாளம் முதிர்ச்சி என்றார். மனமும் நாகரிகமும் மொழியும் முதிர்ந்த நிலையில் தோன்றுவதே அது என்று கூறி, முழுப்பொருளில் வேர்ஜிலையே அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவ்வுரையின் நுட்பம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், முதிர்ச்சி என்பது பழத்துக்கு அமைவது போல நாகரிகத்துக்கு இயல்பாகவே அமைவதாக அங்கு தோன்றுகின்றது. அம்முதிர்ச்சியை முதிர்ச்சியென மதித்துரைத்தவர் யார், எத்தகைய கல்வி நிறுவனங்கள் அம்மதிப்பீட்டை நூற்றாண்டுகளாகக் காத்தன என்னும் வினாக்கள் ஆங்கு எழவில்லை.

இரண்டாவது தவறு, பிறப்பையே முழுப்பொருளாகக் கொள்ளுதல். ‘கிளாசிக்’ என்பது செல்வரைக் குறித்த சொல். ஆகவே கிளாசிக் இலக்கியம் செல்வரின் இலக்கியம் என்று வாதிடுதல் எளிது. ஏர்ன்ஸ்ற் றொபேட் குர்ற்றியுஸ் 1948இல் வெளியிட்ட ஐரோப்பிய இலக்கியம் பற்றிய நூலிலே, கெல்லியுஸின் இக்கூற்று மார்க்சியச் சமூகவியலாளர்க்குச் சுவையான துணுக்காகும் என்று குறும்பாகக் குறிப்பிட்டார். அக்குறும்பில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானித்துவிடுவதில்லை. சொல்லால் சுட்டப்படும் நூல்களின் தன்மையை அது தீர்மானிப்பது அதனினும் அரிது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தந்தைக்கு மகனாகப் பிறந்த ஹொராஸ், உரோம இலக்கியத்தின் முன்னணியில் வைத்து எண்ணப்படுகின்றார். புரொந்தோவின் உருவகப்படி அவர் முதல் வகுப்பினர். பிறப்பின்படி அவ்வாறு அல்லர். உருவகத்துக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள இவ்வெளியை வர்க்க நோக்குடைய திறனாய்வும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

இவ்விரு தவறுகளையும் தவிர்ப்பதற்கு, புரொந்தோவின் கூற்றிலே செல்வத்தைவிடச் சாட்சியத்தை முதன்மைப்படுத்தி நோக்குதல் பயன் தரும். கிளாசிக் என்பது ஒரு நூலினுள்ளே உறையும் பண்பு அன்று. ஒரு குறிப்பிட்ட வழக்கிலே, குறிப்பிட்ட ஒருவரால், சாட்சியாக அழைக்கப்படும் நூலே கிளாசிக். எனவே, எந்த வழக்கு, அழைப்பவர் யார், சாட்சி சொல்லும் தகுதி எவர்க்கு மறுக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களும் ஒவ்வொரு முறையும் எழுப்பப்பட வேண்டியவை. செபியே தாய்மொழிப் புலவரை அழைத்தார். பிரெஞ்சுக் கழகம் அவர்களை விலக்கிற்று. சென்ற் பேவ் வான்மீகியை அழைத்தார். ஒவ்வோர் அழைப்பின்போதும் சொல் ஒன்றாகவே இருந்தது, வழக்கு வேறாயிற்று.

5

இச்சொல் தமிழுக்குப் பெயர்க்கப்பட்டபோது அதன் வரலாறு பெயர்க்கப்படவில்லை. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூலிலே செந்தமிழைக் குறிக்கக் ‘கிளாசிக்கல்’ என்னும் ஆங்கில அடைமொழி பயன்பட்டது. பின்னர்த் தோன்றிய ‘செவ்வியல்’, ‘செந்நெறி’ முதலிய கலைச்சொற்களும், 2004இல் இந்திய அரசு தமிழுக்கு அளித்த நிலையைக் குறிக்கும் ‘செம்மொழி’ என்பதும் செம்மை என்னும் பண்பின் அடியாகப் பிறந்தவை. செம்மை என்பது நேர்மை, ஒழுங்கு, திருத்தம். சொத்தும் வகுப்பும் சாட்சியும் இப்பெயர்ப்பிலே மறைந்துவிட்டன. தீர்ப்பாக இருந்தது பண்பாக மாறிற்று. செவ்வியல் என்று ஒரு நூலைக் கூறும்போது, அத்தீர்ப்பை வழங்கியவர் யார் என்று வினவுவதற்கு அச்சொல்லே இடந்தருவதில்லை.

ஆயின், புரொந்தோவின் கருத்துக்கு மிக அணுக்கமான சொல் ஒன்று தமிழிலே ஏற்கெனவே இருந்தது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் பழம்பாடல்களைச் ‘சான்றோர் செய்யுள்’ என்று வழங்கினர். இலக்கண விதிக்கு எடுத்துக்காட்டு வேண்டியபோதெல்லாம் அவர்கள் அச்செய்யுள்களையே நாடினர். சான்றோர், சான்று என்னும் இரண்டும் ‘சால்’ என்னும் ஓரடியிற் பிறந்தவை. நிறைந்தவரே சான்றோர், அவர்தம் சொல்லே சான்று. இச்சொல்லும் தூய்மையானதன்று. யார் நிறைந்தவர் என்ற வினா இங்கும் உண்டு. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது எனத் தொல்காப்பிய மரபியல் கூறியதும், அவ்விதியை முன்வைத்து மரபாளர் புதிய எழுத்தை அளந்ததும் அறியப்பட்டவை. 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கைக் கையாண்ட முற்போக்கு எழுத்துக்கு ‘இழிசனர் வழக்கு’ என்ற பட்டம் சூட்டப்பட்டது. அது, உரோமப் புலவர் புரோலேத்தாரி எழுத்தாளரின் சாட்சியத்தை மறுத்ததன் எதிரொலி போன்றே ஒலிக்கின்றது. அன்று சாட்சிக்கூண்டில் ஏற மறுக்கப்பட்ட எழுத்துகள் பின்னர்ப் பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் மேற்கோளாயின என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

ஆகவே, கிளாசிக் என்னும் சொல்லைத் துறந்துவிட வேண்டுமென்று அதன் வரலாறு கோரவில்லை. முற்காலத்து நூல்களை மதிப்பிடவும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கவும் ஏதேனுமொரு சொல் வேண்டியே உள்ளது. வேண்டப்படுவது, அச்சொல்லைப் பட்டமாக வழங்காது தீர்ப்பாக வழங்கும் பொறுப்புணர்ச்சி. தீர்ப்பெனின் அதற்குக் காரணம் காட்டப்பட வேண்டும். அது மேன்முறையீட்டுக்கு உட்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். பாடத்திட்டத்திலே ஒரு நூலைச் சேர்ப்போரும் மற்றொன்றை விலக்குவோரும் மணல் என்னும் சொல்லின் பன்மையைப் பற்றி வழக்காடிய அவ்வுரோமப் புலவரைப் போலவே, யாருடைய சொல் செல்லும் என்பதையே முடிவு செய்கின்றனர். அவர் தமது அளவுகோலை ஒளிக்கவில்லை. சொத்து என்று வெளிப்படையாகவே கூறினார். இன்றைய திறனாய்வும் தனது அளவுகோல் யாதென்பதை அத்துணை வெளிப்படையாகக் கூறக் கடமைப்பட்டுள்ளது.